மார்ஷ்மெல்லோவும் மாமி வீட்டுத் தட்டும்

“இந்த வருசம் கேக்குல முந்திரி கம்மிங்க்கா” என்றாள் மாதம்மா.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ். பண்டிகைக்கு மறுநாள் காலை. எங்கள் வீட்டுப் பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்து, எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மைசூரின் டிசம்பர் குளிரில் அவள் விரல்கள் சிவந்திருந்தன. நான் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தேன்.

முந்திரி கம்மிதான். அந்த வருஷம் முந்திரியைக் குறைத்து, திராட்சையைக் கூட்டியிருந்தேன். அது எனக்கும் என் மனசாட்சிக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வாய் காபி உள்ளே போன பிறகுதான் உறைத்தது. மாதம்மாவுக்கு நான் இன்னும் கேக்கே கொடுக்கவில்லை. அவளுக்கு வழக்கமாக, விருந்தாளிகள் எல்லாம் வந்துபோய் ஓய்ந்த பிறகுதான், மிஞ்சின ஓரத் துண்டுகளை ஒரு கவரில் போட்டுக் கொடுப்பேன்.

எந்தக் கேக்கைச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. மோவாயால் பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினாள்.

“அந்தம்மா குடுத்தாங்கல்லங்க்கா. வருசா வருசம் குடுக்குறதுதானே.”

வருசா வருசம்! என் கையிலிருந்த காபி ஆறிப்போனது. நான் ஆறவில்லை.

நடுவில் ஒரு சுவர்

இதுவரை ஆஸ்பத்திரிக் கதைகளாகவே எழுதி வந்தேன். இந்த வாரம் சமையலறைக் கதை. புதிதாக வாசிக்கிறவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெயர் ரெஜினா என்றாலும் விஜயநகரில் எங்கள் தெரு முழுக்க எனக்கு ‘சிஸ்டர்’ என்றுதான் பெயர். கணவர் சாமுவேல் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. மகள் ஷீபா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள்.

பக்கத்து வீடு ஜானகி மாமி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் மேல்கோட்டை. எத்தனையோ தலைமுறையாகக் கர்நாடகத்தில் இருந்தாலும் வீட்டுக்குள் ஐயங்கார் தமிழ்தான். எங்கள் வரிசையில் தமிழ் பேசுகிற வீடுகள் எங்களுடைய இரண்டு மட்டும்தான். அவருடைய ரத்த அழுத்தம் எனக்கு மனப்பாடம். ஷீபா பி.யூ.சி.யில் கணக்கில் தேறினாள் என்றால் அதற்கு மாமிதான் காரணம்.

இரண்டு வீட்டிலும் வேலை செய்கிறவள் மாதம்மா. தமிழ்நாட்டு எல்லையோரம், பாலாற்றுப் பக்கம் மார்டள்ளி அவளுக்குச் சொந்த ஊர். கல்யாணமாகி மைசூர் வந்தவள், பதினாலு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். முதலில் மாமி வீடு, பிறகு என் வீடு. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். அவளிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், பிடிக்காததும் அதுதான்.

எங்கள் தெருவில் பண்டிகைத் தட்டு என்று ஒரு மரியாதை உண்டு. பண்டிகை யாருடையதோ அவர்கள் வீட்டிலிருந்து தட்டு போகும். போன தட்டை வெறுமனே திருப்பக் கூடாது. இரண்டு வாழைப்பழமாவது, ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் திருப்ப வேண்டும்.

என் தட்டு எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு. ‘சா. ரெ.’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதில் பிளம் கேக், சோழி மாதிரி உருட்டிப் பொரித்த கல்கல், அச்சில் பொரித்த ரோஸ் குக்கி எல்லாம் அடுக்கி, நானே பின்னிய குரோஷா துணியால் மூடி, நானே எடுத்துக்கொண்டு போவேன்.

மாமி வீட்டிலிருந்தும் குறைவில்லாமல் வரும். கோகுலாஷ்டமிக்கு முறுக்கும் சீடையும், மார்கழியில் வெண்பொங்கல், ஏகாதசி முடிந்தால் புளியோதரை. அந்தப் புளியோதரையின் வாசனையைப் பற்றி மட்டுமே நான் ஒரு வாரம் எழுதலாம். நல்லெண்ணெயும் வறுத்த வெந்தயமும் பெருங்காயமும் கேட்டுக்கு வெளியே வரும்போதே மூக்குக்கு வந்துவிடும்.

கரையறதாம்!

மாமி சாப்பிடவில்லை என்பதற்கா எனக்குக் கோபம்? இல்லவே இல்லை. சாப்பாடு அவரவர் விருப்பம். ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேருடைய பத்தியத்தைப் பார்த்தவள் நான்.

முதல் வருஷமே கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். கர்நாடகத்தில் தெருவுக்குத் தெரு ஐயங்கார் பேக்கரி இருக்கிறதா, அதனால் கேக்குக்கும் ஐயங்காருக்கும் ஜென்ம பந்தம் என்று நானே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். இருந்தாலும் முட்டை போட்டிருக்கிறேன், பரவாயில்லையா என்று வாய்விட்டுக் கேட்டேன். அதனால் என்ன, குழந்தைகள் சாப்பிடும் என்றார் மாமி. சரி, முடிந்தது.

அந்தக் குழந்தைகள் வளர்ந்து, படித்து, அமெரிக்கா போய், அங்கே வீடும் வாங்கிவிட்டார்கள். மாமியின் பாராட்டு மட்டும் நின்றபாடில்லை. வருஷா வருஷம், தட்டைத் திருப்பும்போது அதே வார்த்தை.

“ரொம்ப நன்னா இருந்தது சிஸ்டர். வாயில போட்டாக் கரையறது.”

கரையறதாம்! யார் வாயில்? மாதம்மா வாயில்! ஒரு மாதம் பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, கை வலிக்கக் கல்கல் உருட்டி, ரோஸ் குக்கி அச்சில் விரலைச் சுட்டுக்கொண்டு நான் செய்வேனாம். அதைத் தொட்டும் பார்க்காமல், நாக்கு கூசாமல் ஒருவர் கரையறது என்பாராம். நானும் ஏமாந்த சோணகிரியாகப் பல்லை இளித்துக்கொண்டு, அடுத்த வருஷம் இரண்டு துண்டு கூடுதலாக வைப்பேனாம். எங்களால் இது சாப்பிட முடியாது சிஸ்டர் என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரமாகும்? பதினாலு வருஷமா?

நேரில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, வேலைதான் வரும். அந்த வருஷம் முழுக்க மாமிக்கு பி.பி. பார்க்கும்போதெல்லாம் பட்டையைக் கொஞ்சம் இறுக்கியே கட்டினேன். இறுக்கமா இருக்கே சிஸ்டர் என்பார். இயந்திரம் புதுசு மாமி என்பேன்.

அடுப்பே பேடா

அடுத்த கிறிஸ்துமஸ் வந்தது. இந்த முறை மாமி மறுக்கவே முடியாத ஒன்றைச் செய்வது, அதை அவர் என் கண் முன்னால் சாப்பிடுவதைப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். ஆசையால் செய்தேனா, பழிவாங்கச் செய்தேனா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. முட்டை கூடாது. கறியும் கேக்கும் வேகிற ஓவன் கூடாது. மாட்டுக்கறி வெந்த அடுப்புகூட வேண்டாம்.

ஷீபாவிடம் சொன்னேன். “மம்மி, ஓவனே பேடா, அடுப்பே பேடா” என்று அனுப்பினாள் ஒரு வீடியோ. வேண்டாம் என்கிற தமிழ் அவள் வாயில் எப்போதோ பேடா ஆகிவிட்டது. அதற்கும் எனக்குக் கோபம் உண்டு. அது வேறு வாரம்.

வீடியோவில் பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது. சாக்லேட்டும் வெண்ணெயும் உருக்கி, நொறுக்கிய மேரி பிஸ்கட்டும் கலர் கலரான மார்ஷ்மெல்லோவும் கலந்து, தேங்காய்த் துருவலில் புரட்டி நீளமாக உருட்டி, ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் வட்ட வட்டமாக வெட்ட வேண்டும். அவ்வளவுதான். சர்ச்சின் கலர்க் கண்ணாடி ஜன்னல் மாதிரி இருக்கும் என்றாள் ஷீபா.

புதுப் பாத்திரம் வாங்கினேன். புதுக் கத்தி, புதுப் பலகை. என் வீட்டுக் கத்தி எதையெல்லாம் வெட்டியிருக்கிறது என்று மாமி நினைக்க இடமே வைக்கக் கூடாது. வெந்நீரைக்கூட மின்சாரக் கெட்டிலில்தான் வைத்தேன். அந்த வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, அதில் சாக்லேட்டைப் போட்டுக் கிண்டினேன். வீடே கோகோ வாசனை.

வீடியோவில் வருகிற அந்தப் பெண்ணை மட்டும் நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன். சாக்லேட் நன்றாக ஆறிய பிறகுதான் மார்ஷ்மெல்லோவைச் சேர்க்க வேண்டுமாம். அதைக் கடைசியில், வணக்கம் போட்ட பிறகு சொல்கிறாள். நான் சுடச்சுடக் கொட்டிவிட்டேன். ரோஸும் மஞ்சளும் பச்சையும் கண் முன்னாலேயே உருகி, சாக்லேட்டோடு சேர்ந்து சேற்று நிறத்தில் ஒரு பசை ஆயிற்று. கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் சேர்ந்து வந்தது. அது முழுக்கக் குப்பைக்குப் போனது.

மறுபடியும் பேக்கரிச் சாமான் விற்கிற கடைக்கு ஓடினேன். அங்கே மார்ஷ்மெல்லோவை ஒரு பெரிய டப்பாவில் கொட்டி வைத்து, நிறுத்து, வெறும் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். முட்டை இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டேன். முட்டையா, சுத்தமாகச் சர்க்கரைதான் அக்கா என்று சிரித்தார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது முட்டையைப் பற்றி மட்டும்தான்.

இரண்டாவது முறை பொறுமையாக ஆறவைத்தேன். உருட்டினேன். மறுநாள் முதல் துண்டை வெட்டியதும் எனக்கே கைதட்டத் தோன்றியது. கறுப்புச் சாக்லேட்டுக்கு நடுவில் ரோஸும் மஞ்சளும் பச்சையும் பளிச்சென்று, சுற்றிலும் வெள்ளைத் தேங்காய்ப்பூ. ஷீபா சொன்னது சரி.

தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். துணியை எடுக்கும் முன்பே, முட்டை இல்லை, ஓவன் இல்லை, அடுப்பே பற்றவைக்கவில்லை, பாத்திரம்கூடப் புதுசு என்று ஒப்பித்தேன். மாமி என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பாத்திரம்கூடவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரு துண்டை எடுத்தார். அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். கண்ணை மூடினார். இன்னொன்றையும் எடுத்தார். உள்ளே திரும்பி மாமாவைக் கூப்பிட்டு அவருக்கும் ஒன்று கொடுத்தார். நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்துதான் வந்தேன். அந்த வருஷம் எனக்கு இயேசு பிறந்தது நடு ஹாலில் மாமி இரண்டாவது துண்டை எடுத்தபோதுதான்.

பழுப்பு முக்கோணம்

மூன்று நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது. நாலாம் நாள், எங்கள் சபைப் பெண்களின் புத்தாண்டுக் கூட்டத்துக்கும் இதையே செய்யலாம் என்று அதே கடைக்குப் போனேன். டப்பா காலியாகி இருந்தது. கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பெரிய பாக்கெட்டையே எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

ஓரத்தில் ஒரு சின்னப் பழுப்பு முக்கோணம். அசைவத்துக்குப் போடுகிற அடையாளம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஜெலட்டின்.

கடையில் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன்.

மற்றவர்களுக்கு ஜெலட்டின் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வார்டில் ஒரு பெரியவர் காப்ஸ்யூலைத் தொடவே மாட்டேன் என்றார். டாக்டர் திட்டினார், மகன் கெஞ்சினார், அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்தக் கூடு எதில் செய்கிறதம்மா, நிஜத்தைச் சொல் என்று கேட்டார். மாட்டு எலும்பும் தோலும் வேகவைத்து எடுக்கிற ஜெலட்டின் என்று சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து கூட்டைப் பிரித்து, உள்ளே இருந்த மருந்துப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

பிறகு எனக்குக் கீழே வந்த ஒவ்வொரு நர்ஸ் பெண்ணுக்கும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். நோயாளியின் வாய்க்குள் போவது என்னவென்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும், மறைத்துக் கொடுக்கிற உரிமை நமக்கில்லை என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் புதுக் கத்தி வாங்கி, புதுப் பாத்திரம் வாங்கி, வெந்நீரைத் தனியாக வைத்து, கடைசியில் எலும்புப் பசையைக் கொண்டுபோய் மாமி வாயில் போட்டிருக்கிறேன். ஒன்றல்ல, இரண்டு. மாமாவுக்கு ஒன்று.

சொல்வதா, வேண்டாமா

இரண்டு நாள் சொல்லவில்லை. தெரியாமல் சாப்பிட்டது தெரியாமலே போகட்டும் என்று ஒரு பக்கம். பதினாலு வருஷம் அவர் என்னிடம் பொய் சொல்லலாம், நான் ஒரே ஒரு தடவை சொல்லாமல் இருக்கக் கூடாதா என்று இன்னொரு பக்கம். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. வார்டில் அந்தப் பெரியவர் கும்பிட்ட கை கண் முன்னால் வந்து வந்து போனது. இனி மாமி என் கையால் ஒரு டம்ளர் தண்ணீராவது குடிப்பாரா? எங்கள் வரிசையில் என்னோடு தமிழில் பேச வேறு எந்த வீடு இருக்கிறது?

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் போனேன். மாமி வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். மார்ஷ்மெல்லோ என்றால் என்ன, ஜெலட்டின் என்றால் என்ன, எனக்கு எப்போது தெரிந்தது, ஏன் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. வேண்டுமென்று நீங்கள் செய்யவில்லை என்று தெரியும் என்று மெல்லச் சொன்னார். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் திட்டியிருந்தால் நான் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. தப்பு செய்தவளுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. உங்களைச் சாப்பிடவைக்க வேண்டும் என்றுதானே இத்தனையும் செய்தேன், இத்தனை வருஷம் என் கேக்கை மாதம்மாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் கரையறது என்று சொன்னீர்களே, அது மட்டும் சரியா என்று கேட்டுவிட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

மாமி இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என் புளியோதரை எப்படி இருந்தது சிஸ்டர்?”

நான் வெற்றிலைக் கொடியைப் பார்த்தேன்.

“நீங்க அதைத் தொட்டதே இல்லேன்னு முதல் வருஷமே எனக்குத் தெரியும். காரம் கம்மின்னு மாதம்மா வந்து சொன்னா. மூணாவது வருஷத்துலேர்ந்து அவளுக்காக ரெண்டு மிளகாய் கூடப் போடறேன்.”

ஆமாம். இதை நான் முதலிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தப் புளியோதரையின் வாசனை எனக்குத் தெரியும். ருசி தெரியாது.

என் கணவர் ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்திருந்தார். விக்கிரகத்துக்குப் படைத்த பண்டம் நம் வாயில் படக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. அதனால் மாமி வீட்டுத் தட்டு முன்வாசல் வழியாக வரும், பின்வாசல் வழியாக மாதம்மாவிடம் போகும். நானும் தட்டில் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு போய், ஆஹா மாமி, உங்கள் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்பேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. கண்டிப்பவர் போன பிறகும் நான் அந்தத் தட்டைப் பின்வாசலுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று ஒருநாளும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

வீட்டுக்கு வந்தேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் பிடிபடவில்லை.

எள்ளும் வெல்லமும்

புத்தாண்டு வந்தது, போனது. தட்டு திரும்பவில்லை. பி.பி. பார்க்க மாமி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்கும், வானொலி கேட்கும். என்னைக் கூப்பிடுகிற குரல் மட்டும் கேட்காது. மாதம்மா இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தாள். அதிசயமாக அவளும் வாயைத் திறக்கவில்லை.

சங்கராந்தி வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குப் பெண்கள் வீடு வீடாகப் போய் எள், வெல்லம், கொப்பரைத் துண்டு, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்து கொடுப்பார்கள். சாயங்காலம்தான் கிளம்புவார்கள். அன்று காலை ஏழரை மணிக்கே கேட் சத்தம் கேட்டது.

மாமி. மடிசாரில், ஈரத் தலையில் துண்டு கட்டியபடி, கையில் என் ‘சா. ரெ.’ தட்டு. அதில் குவியலாக எள்ளும் வெல்லமும், ஒரு சர்க்கரை அச்சுப் பொம்மை, ஒரு கரும்புத் துண்டு.

“ஏகாதசிக்கு ஜலம்கூடக் குடிக்காம இருந்துட்டேன். அதோட அது தீர்ந்தது” என்றார். பிறகு தட்டை நீட்டினார். “இன்னும் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணலே. அதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு எடுத்துண்டு வந்தேன். அவர் கோச்சுக்க மாட்டார்.”

பெருமாளுக்குப் படைக்கும் முன்னால். எனக்காக. மாமி வீட்டில் அப்படி ஒரு காரியம் நடந்திருக்கும் என்று சொன்னால் மேல்கோட்டையில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் பாத்திரம் புதுசாக வாங்கியதைப் பெரிய தியாகமாக நினைத்திருந்தேன்.

அங்கேயே, வாசலில் நின்றபடி, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். வெல்லம் பல்லில் ஒட்டியது. கொப்பரை சன்னமாக, ஒரே அளவில், கணக்கு டீச்சர் வெட்டு. நிஜமாகவே நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது மாமி என்றேன். அந்த வார்த்தையைப் பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக நிஜமாகச் சொன்னேன். மாமியும் ஒரு பிடி எடுத்துக்கொண்டார்.

பின்பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த மாதம்மா, துடைப்பத்தோடு வந்து எங்கள் இருவரையும் பார்த்தபடி நின்றாள்.

“ரெண்டு பேரும் அவங்கவங்க தட்டைத் தின்னுக்கிட்டா, எனக்கு?”

சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை. அவள் கேட்டது கேள்வி. மாமி அவளுக்காக மிளகாய் கூடப் போட்டார், சரி. ஆனால் அந்தத் தட்டும் என் பெயரில்தான் கிளம்பியது. பதினாலு வருஷத்தில் அவள் பெயரில் ஒரு தட்டு இந்த இரண்டு வீட்டிலிருந்தும் போனதில்லை. நாங்கள் வேண்டாமென்று தள்ளியதைத்தான் அவள் தின்றிருக்கிறாள். நானோ அதற்கும் மேலே ஓரத் துண்டு கொடுத்தேன், ஒரு கவரில்.

இத்தனை நாள் ஊரெல்லாம் தேடிய ஆளை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். என் கோபம் எல்லாம் என் மேலேயே வந்து விழுந்தது.

மூன்றாவது தட்டு

போன மாதம் மறுபடி கிறிஸ்துமஸ் வந்தது. ஷீபா பச்சை அடையாளம் போட்ட மார்ஷ்மெல்லோவைத் தேடிப் பிடித்து அனுப்பினாள். கடல்பாசியில் செய்தது. பொடி எழுத்து ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். காலி பாக்கெட்டையும் மாமியிடம் காட்டினேன். மாமி அதைத் தாமும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் ஒரு துண்டை எடுத்தார். அதில் எனக்குக் கோபம் இல்லை.

மாதம்மாவுக்குத் தனியாக ஒரு தட்டு வாங்கினேன். அவள் பெயரை முழுசாக வெட்டித் தரச் சொன்னேன். அதில் மார்ஷ்மெல்லோ சாக்லேட் வட்டங்கள், நடுத் துண்டாக வெட்டிய பிளம் கேக், கல்கல் எல்லாம் அடுக்கி, குரோஷா துணி போட்டு மூடி, இருபத்தி நாலாம் தேதியே அவள் வீட்டுக்கு ஆட்டோவில் எடுத்துப் போனேன். அவள் வீட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு முன்வாசல் மணி அடித்தது. பின்வாசல் வழியாக வருகிறவள், அன்று முன்வாசலில் நின்றாள். கையில் அவள் பெயர் வெட்டிய தட்டு. தட்டின் மேல் ஒரு கிண்ணம், மூடி போட்டு. மாமி வீட்டுக்கு உரித்த அவரைக்கொட்டையைப் பச்சையாகக் கொடுத்துவிட்டு வந்தாளாம். அந்தம்மா அவங்களே சமைச்சுக்குவாங்க என்றாள். யார் வீட்டில் எது செல்லும் என்று எங்கள் இருவரையும்விட அவளுக்குத்தான் தெரியும்.

எனக்குச் சமைத்தே கொண்டு வந்திருந்தாள். பிதுக்கின அவரைக்கொட்டைக் குழம்பு. மூடியைத் திறந்ததும் பூண்டும் தேங்காயும் மணந்தது.

உள்ளே வைத்துவிட்டு வருகிறேன் என்று தட்டை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“இங்கயே சாப்புடுங்க்கா. நான் பாக்கோணும். சாப்புட்டுட்டு நெசத்தச் சொல்லுங்க.”

ஸ்பூனை எடுத்து வந்து, வாசலில் நின்று சாப்பிட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது ஸ்பூனும் சாப்பிட்டேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

“உப்பு கொஞ்சம் கம்மி, மாதம்மா.”

“அதேதான் நானும் நெனச்சனுங்க்கா” என்று கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கப் பின்பக்கம் போனாள்.